பதினோரு முறை குளித்த கேப்டன்

"எனக்குக் கை வரலீங்க," என்றார் தெய்வசிகாமணி.

நஸீமா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கையில் ஒரு கடைவாய்ப்பல் இருந்தது.

திருச்சியில் பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிற லேப் அவளுடையது. வயது முப்பத்திநாலு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியில் கூடுகிற போர் விளையாட்டுக் கழகத்தில் அவள்தான் குரு. கட்டைவிரலில் பாதி உயரமுள்ள பொம்மைச் சிப்பாய்களுக்கு அவளைப் போல வர்ணம் தீட்ட அங்கே வேறு ஆளில்லை.

சிஷ்யருக்கு வயது ஐம்பத்தெட்டு. பொதுப்பணித்துறையில் பாலம் பாலமாகக் கட்டி ஓய்வு பெற்றவர். அந்த மனிதருக்கு ஒரு பொம்மையின் முகத்தைப் பார்த்தால் பயம்.

கழகத்தில் ஒரே சட்டம்தான். வர்ணம் பூசாத சிப்பாய் மேஜை ஏறக் கூடாது. மற்றபடி பகடை உருட்டலாம், சிப்பாய் நகர்கிற தூரத்தை டேப் பிடித்து அளக்கலாம், பென்ஷன் வாங்குகிற வயதில் மணிக்கணக்காகச் சண்டை போடலாம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் ஆபீஸ் சிநேகிதர் இருதயராஜும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினார்கள். உள்ளே இரண்டு படைகள். நீலப் படை இவருக்கு, சிவப்புப் படை அவருக்கு. இரண்டும் தயாரானதும் மோதிப் பார்ப்பது என்று பேச்சு.

இருதயராஜ் முதல் வருஷமே முடித்துவிட்டார். எட்டு வருஷமாகக் காத்திருக்கிறார். ஒரு தடவைகூடக் கடிந்துகொண்டதில்லை, அதுதான் இவரை அறுத்தது. இப்போது அவர் மகனோடு இருக்க மெல்போர்னுக்குப் போகிறார். நடுவில் நாலு ஞாயிறுதான் இருந்தது. திரும்பி வருகிற யோசனை இல்லை.

நீலப் படையின் அறுபது பேரும் இன்னும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவே இருந்தார்கள்.

"ஒருத்தனைக்கூடவா முடிக்கல?" என்று கேட்டாள் நஸீமா.

கேப்டனை மட்டும் பதினோரு தடவை தீட்டியிருப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒரு கண் கோணிக்கொள்ளும். உடனே ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் குளிப்பாட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். கேப்டன் சரியாக வராமல் மற்றவர்களைத் தொடுவது முறையில்லை என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். சோம்பேறிகளுக்கு நியாயம் கிடைப்பது கஷ்டம். பயந்தவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும்.

நஸீமா பல்லை வைத்துவிட்டு எழுந்தாள். அலமாரியிலிருந்து தன் சிப்பாய் ஒருத்தனை எடுத்து மேஜையின் மறுகோடியில் நிறுத்தினாள்.

"இவனுக்குக் கண்ணு என்ன நிறம்?"

"கறுப்பு. என்னையே முறைக்கிறான்."

அவனைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணே இல்லை. தொப்பிக்குக் கீழே கொஞ்சம் பழுப்பு நிழல் இருந்தது, அவ்வளவுதான்.

"இருதயராஜ் சார் எங்க உட்காருவார்?"

"எதிர்ல."

"அப்ப வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் ஷூ போட்டு விடுங்க. கேப்டன் கடைசில."

அவருக்குச் சுருக்கென்றது. தூண் தூணாக நிறுத்தியவனை ஷூ பூசச் சொல்கிறாளே என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு போனார். ஆனால் பூசினார்.

அடுத்த ஞாயிறு வந்து, முகமில்லாத ஐம்பத்தொன்பது பேர் கறுப்பு ஷூவோடு நிற்பதாகப் புகார் சொன்னார்.

"நாப்பதாவது ஷூ எப்படி வந்துச்சு?"

அவர் யோசித்தார். நாற்பதாவதைப் பூசும்போது அவர் மூச்சைப் பிடித்திருக்கவில்லை. ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

"பேன்ட்டுக்குப் போங்க," என்றாள்.

மூன்றாம் வாரம் நீலச் சட்டை. நாலாம் வாரம் தொப்பியும் துப்பாக்கியும், தொப்பிக்குக் கீழே பழுப்பு நிழலும். சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஐம்பத்தொன்பது பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். மனுஷன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிறு காலை கேப்டனை எடுத்தார். காலருக்குச் சிவப்பு வைக்கும்போது பிரஷ் வழுக்கி, காதிலிருந்து தாடைவரை ஒரு கோடு விழுந்தது.

மாடி ஏறி வந்தபோது கையில் படைப் பெட்டி, சட்டைப் பையில் கேப்டன், பேன்ட் பையில் ஸ்பிரிட் பாட்டில்.

"அரை மணி நேரம் குடுங்க. கழுவிட்டு மறுபடி தீட்டிடறேன்," என்றார். "ஊரை விட்டுப் போறவன். அவன் கடைசியா பார்க்கிறது இதுவா இருக்கக் கூடாது."

நஸீமா கையை நீட்டினாள். பாட்டிலைக் கொடுத்தார்.

அவள் ஒரு துணியை எடுத்தாள். மேஜையில் போன வாரத்து டீக் கறை வட்டம் வட்டமாக இருந்தது. ஸ்பிரிட்டைத் துணியில் ஊற்றி முதல் வட்டத்தைத் துடைத்தாள். பிறகு அடுத்தது. நிதானமாக மேஜை முழுவதையும் துடைத்து முடித்தபோது பாட்டில் காலி.

"சுத்தமாயிடுச்சு. ஆளுங்களை நிறுத்துங்க சார்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தெய்வசிகாமணி ஐம்பத்தொன்பது பேரையும் வரிசையாக நிறுத்திவிட்டு, பையிலிருந்து கேப்டனை எடுத்து எல்லோருக்கும் முன்னால் வைத்தார்.

இருதயராஜ் வந்தார். நீல வரிசையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். கைக்குட்டையை எடுத்து முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். பிறகு எதிர்ப்பக்கம் போய்த் தன் சிவப்புப் படையைப் பிரித்து அடுக்கினார். உட்கார்ந்தார். எதிரியின் கேப்டனை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"யோவ், இவன் மூஞ்சில என்னய்யா இவ்ளோ பெரிய வெட்டு?"

தெய்வசிகாமணி நஸீமாவைப் பார்த்தார். அவள் ஜன்னலோரம் நின்று துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒன்பது வருஷமா உன்னத் தேடி வந்திருக்கான். சும்மாவா வருவான்? பகடையைப் போடு."