பகலில் எரிந்த விளக்கு

அந்தக் கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நொடித்துப்போன வியாபாரி, வீட்டில் மிஞ்சிய கடைசி எண்ணெயை ஊற்றிப் பட்டப்பகலில் கடைவாசலில் விளக்கேற்றுவான். அது எரியும்வரை பணம் கொடுத்தவர்கள் காத்திருக்கலாம். அணைந்துவிட்டால் கொடுத்ததைத் தலைமுழுகிவிட்டுப் போக வேண்டியதுதான். வடக்கே விளக்குக்கு 'திவா' என்று பேர்; திவால் என்ற சொல்லே அதிலிருந்து வந்தது என்பார்கள்.

எண்ணெய் மண்டி முதலாளி வேலப்பர் ஊரார் பணத்தையெல்லாம் பதுக்கிவிட்டு வேலைக்காரி மூக்காயியைக் கூப்பிட்டார்.

"ஒரே கரண்டி ஊத்து. அரை மணியில அணையணும். இல்லேன்னா தோலை உரிச்சுடுவேன்."

அவளுடைய பத்து வருஷக் கூலியும் அவரிடம்தான் இருந்தது. "சரிங்க முதலாளி" என்றாள்.

பணம் கொடுத்தவர்கள் வாசலில் கூடி நிற்க, உச்சிவெயிலில் விளக்கு எரிந்தது. ஒரு மணி நேரமாயிற்று, இரண்டாயிற்று. சுடர் அசையவே இல்லை. தெருவில் காக்கைகூடக் கத்தவில்லை. மூக்காயி அழுதுகொண்டே முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அப்படியே விளக்கின் விளிம்பையும் துடைப்பாள்.

பொழுது சாய்ந்தது. வேலப்பர் மூக்காயியின் காதருகே குனிந்தார்.

"ஏன்டி இன்னும் அணையல?"

"கடைசி எண்ணெய்னு நாம சொன்னதை விளக்கு நம்பலையோ என்னவோ, முதலாளி."

சுடர் அவர் பக்கமாகச் சாய்ந்தது. வேலப்பர் அலறிவிட்டார்.

"ஐயோ, ஒரு கரண்டிதானே எடுத்தோம்! பாக்கி நாப்பது குடமும் நிலவறையிலதானே இருக்கு!"

கூட்டம் நிலவறைக்கு ஓடியது.

தனியாக நின்ற மூக்காயி, காலையில் எண்ணெயில் தோய்த்துவந்த முந்தானையை முறுக்கிப் பிழிந்து பார்த்தாள். ஒரு சொட்டுகூட இல்லை. அதிலிருந்த எண்ணெய் பிற்பகலிலேயே தீர்ந்து போயிருந்தது.

விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.