அழுத சிங்கம்

குருவுக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை. சீடருக்கோ தலை முழுக்க நரை. தென்காசியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஜெபசீலியிடம் படமெடுக்கக் கற்றுக்கொள்ள வந்தவர், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் குற்றாலிங்கம். ஊரில் பாதிப் பேரை வெயிலில் முட்டிபோட வைத்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, "சொல்லிக் குடுங்க தாயி" என்று வாசலில் வந்து நின்றபோது ஜெபசீலிக்கே கொஞ்சம் உதறல்தான்.

ஒருநாள் அவர் கேட்டார்.

"தாயி, வெளிச்சம் சரியாத்தான் இருக்கு. படமும் ஆடலை. ஆனாலும் நான் எடுக்கிற பிள்ளைகள் எல்லாம் ஏன் இப்படி விறைச்சுப்போய் நிக்குது?"

"சனிக்கிழமை நர்சரி ஸ்கூல்ல மாறுவேடப் போட்டி. வாங்க சார்," என்றாள் ஜெபசீலி.

சனிக்கிழமை மேடைக்குப் பின்னால் ஒரே கூத்து. ஒரு கத்திரிக்காய் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. ஒரு டிராஃபிக் சிக்னல் பாத்ரூம் போகணும் என்று குதித்தது. நடுவில் முத்துச்செல்வி என்ற பெண் தன் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். சிங்க வேஷம். பிடரிமயிர் மஞ்சள் கம்பளி நூலில் அவளே தைத்தது.

"சார், ஒரே ஒரு படம் நல்லா எடுத்துக் குடுங்க. இவன் அப்பா மஸ்கட்ல இருக்காக. அனுப்புற படத்துலயெல்லாம் இவன் அழுதுக்கிட்டே இருக்கான். என் பிள்ளைக்குச் சிரிக்கவே தெரியாதானு கேக்காக. நான் என்னனு சொல்ல?"

குற்றாலிங்கத்துக்கு மனசு உருகிவிட்டது. அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு கட்டினார். மனசு உருகினால் போதுமா, பழக்கம் விட வேண்டாமா?

"தம்பி, நேரா நில்லு! நெஞ்சை நிமித்து! வாலைக் கையில பிடி. ஆங்... இப்பக் கர்ஜனை பண்ணு! சிரி!"

சிங்கத்தின் உதடு பிதுங்கியது. அவ்வளவுதான், வீரிட்டு அழுதது. கன்னத்தில் வரைந்திருந்த மீசை கண்ணீரில் கரைந்து ஓடியது.

"பரவாயில்ல சார். இவன் எப்பவும் இப்படித்தான்," என்றாள் முத்துச்செல்வி. முகம் தொங்கிப்போயிருந்தது.

குற்றாலிங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது. குருவைத் திரும்பிப் பார்த்தார்.

மேடை ஏறி இறங்கிய ஏதோ ஒரு பிள்ளை கழற்றிப் போட்டிருந்த அட்டை முயல்காது பெஞ்சில் கிடந்தது. ஜெபசீலி அதை எடுத்து அவர் தலையில் மாட்டினாள்.

"கீழ குனிங்க சார். கையைத் தரையில ஊனுங்க."

"நானா?"

"நீங்கதான்."

சுற்றி நின்ற அப்பாமார்களில் நாலைந்து பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தத் தாயின் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார். வெள்ளை பேண்டோடு முட்டிபோட்டுக் கையை ஊன்றினார்.

அழுகை நின்றது. பையன் முயலை உற்றுப் பார்த்தான். ஓர் அடி முன்னால் வைத்தான்.

"உர்ர்..."

"ஐயையோ!" குற்றாலிங்கம் பின்னால் நகர்ந்தார்.

"உர்ர்ர்ர்!"

"யாத்தே, என்னை விட்டுரு சாமி!"

அவர் தவழ்ந்து ஓட, பையன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே துரத்தினான். ஜெபசீலி தரையில் படுத்துப் படம் எடுத்தாள்.

படத்தில் மீசை கன்னமெல்லாம் ஈஷிக் கிடந்தது. வால் பாதி கழன்று தொங்கியது. பிள்ளைக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. முத்துச்செல்வி பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இதை இப்பமே அவுகளுக்கு அனுப்பிருங்கக்கா," என்றாள்.

குற்றாலிங்கம் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மூச்சு வாங்கியது.

"தாயி, நானும் கர்ஜனை பண்ணுன்னுதானே சொன்னேன். அப்ப ஏன் அவன் பண்ணலை?"

ஜெபசீலி லென்ஸை மூடினாள்.

"அப்ப நீங்கதானே சார் சிங்கம்."