செண்பகவடிவின் பாட்டு

குற்றாலலிங்கம் ஆசான் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். அதற்குச் சொற்கள் கிடையாது. தொடக்கம் முதல் முடிவு வரை 'ஆ' என்ற ஒலி மட்டும்தான். அதை முதலில் பாடியவள் அவருடைய சிஷ்யை செண்பகவடிவு. பதினேழு வருஷம் அவள் பாடாத ஊரில்லை. ஆசான் கட்டிய பாட்டு என்பதே பலருக்கு மறந்துபோய், செண்பகவடிவு பாட்டு என்றே அதற்குப் பெயராகிவிட்டது.

பிறகு அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. பேசினால் காற்றுத்தான் வந்தது.

வீட்டுக்குள்ளேயே கிடந்தவளை ஒரு நாள் தங்கை மகள் கல்யாணத்துக்கு இழுத்துப் போனார்கள். அங்கே நாதஸ்வரத்தில் அந்தப் பாட்டு. வானொலியைத் திருப்பினால் வயலினில் அதே பாட்டு. ஆளாளுக்குத் தங்கள் வாத்தியத்துக்கு ஏற்றபடி வளைத்து வைத்திருந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஆசான் அனுமதி கொடுத்திருந்தார்.

அவள் ஆசானைப் பார்க்கத் தென்காசிக்கு வண்டி ஏறினாள்.

"எல்லாருக்கும் தூக்கிக் கொடுத்திட்டீங்களே ஐயா," என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். "அது தொண்டைக்குன்னு கட்டினது. என் தொண்டையோட அது போயிருக்கணும்."

"நிறுத்திரலாம்ங்கியா?"

"நிறுத்திருங்க."

ஆசான் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சரி. நம்மகிட்ட படிக்கிற பகவதி அதை வீணைக்கு மாத்தி எடுத்துக்கிட்டு இப்ப வருவா. முழுசும் கேளு. கேட்டுட்டு, இனிமே வாசிக்காதேன்னு நீயே சொல்லிரு."

"சொல்லிருதேன்."

பகவதி வந்தாள்.  செண்பகவடிவைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து சுருதி சேர்த்தாள்.

நன்றாகத்தான் வாசித்தாள். செண்பகவடிவு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

பாட்டின் நடுவே ஓர் இடம் உண்டு. ஏறி ஏறிப் போய் உச்சியில் ஒரே சுரத்தில் நிற்க வேண்டும். கூட்டம் மூச்சுவிட மறக்கும் இடம் அது. பகவதி அந்தச் சுரத்தை மீட்டினாள். தந்தி அதிர்ந்தது, மெலிந்தது, ஓய்ந்தது. அவள் அடுத்த சுரத்துக்குப் போனாள்.

"ஏ, நில்லு!"

செண்பகவடிவு திரும்பி வீணைக்குப் பக்கத்தில் வந்திருந்தாள்.

"அதுக்குள்ள இறங்கிட்டியே. அது இன்னும் போகணும்."

"தந்தி அவ்வளவுதான்க்கா நிக்கும். திரும்பத் திரும்ப மீட்டிப் பார்த்தேன். துண்டு துண்டா விழுது."

"மீட்டாதே. ஒரு தடவை போதும். ஏறி வா."

பகவதி மறுபடி ஏறி வந்தாள். உச்சியை ஒரே தடவை மீட்டினாள். செண்பகவடிவு கண்ணை மூடி வலது கையைத் தூக்கினாள். தந்தி ஓய்ந்தது. கை இறங்கவில்லை. காற்றில் அப்படியே நின்றது, மெல்ல விரிந்தது, விரல் நுனி நடுங்கியது. பகவதி தந்தியைத் தொடாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஓர் அரவம் இல்லை.

கை தாழ்ந்தது. பகவதி அடுத்த சுரத்தை மீட்டினாள். பாட்டு அங்கிருந்து தடையில்லாமல் இறங்கி முடிந்தது.



"சொல்லலியா, வாசிக்க வேண்டாம்னு?" என்று கேட்டார் ஆசான்.

செண்பகவடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, அந்த உச்சிச் சுரம்... உங்களுக்கு முழுசாக் கேட்டுதா?"

"முழுசாக் கேட்டுது."

"வீணையில அவ்வளவு நேரம் நிக்குமா?"

"வீணை அப்பவே ஓஞ்சிட்டுதே, தாயி."