மடுவில் இடம் கேட்ட அணு

கோடை வந்தால் காட்டில் எல்லாக் குட்டைகளும் வற்றிவிடும். முதலையின் மடு மட்டும் வற்றாது. ஒவ்வொரு கோடையிலும் ஒரே ஒரு கூட்டத்துக்கு முதலை அங்கே இடம் கொடுக்கும். மழை வரும்வரை அவர்களைக் கடிக்காது. அதற்குப் பதிலாக, முதலைக்குத் தெரியாத ஒன்றை அவர்கள் நடித்துக் காட்ட வேண்டும். அதுதான் வழக்கம்.

மரகதம் என்ற ஆமைக்கு அந்த இடம் கட்டாயம் வேண்டும். அவள் குட்டையில் சேறுகூடக் காய்ந்துவிட்டது. தங்கை பவளத்தின் ஓட்டில் வெடிப்பு விழுந்திருந்தது. அதனால் அக்காவும் தங்கையும் தாண்டவன் என்ற மைனாவின் கூட்டத்தில் சேர்ந்தார்கள்.

தாண்டவன் பள்ளிக்கூட ஜன்னலில் உட்கார்ந்து பாடம் கேட்டவன்.

"நாம அணுவைக் காட்டுவோம்" என்றான். "கல்லு, தண்ணி, நம்ம றெக்கை, எல்லாமே அணுவால ஆனது. நடுவுல அணுக்கரு. அதுல புரோட்டானும் நியூட்ரானும் இருக்கும். ரொம்பத் தூரம் தள்ளி எலக்ட்ரான் சுத்தும். இடையில வெறும் வெளிதான். மேலே பறக்கிற பலூனுக்குள்ள இருக்குமே ஹீலியம், அதைப் போடலாம். புரோட்டான் ரெண்டு, நியூட்ரான் ரெண்டு, எலக்ட்ரான் ரெண்டு."

புரோட்டானுக்கு நேர்மின்சுமை. நேரும் நேரும் ஒன்றையொன்று தள்ளும். அதற்குக் கொண்டையன், செவலை என்ற சேவல்கள் வந்தன. இரண்டுக்கும் ஒன்றையொன்று கண்டாலே ஆகாது. எலக்ட்ரானுக்கு எதிர்மின்சுமை, எடையோ மிகக் குறைவு. அதற்கு இரண்டு தட்டான்கள். நியூட்ரானுக்கு மின்சுமையே கிடையாது. அதற்கு ஆமைகள்.

ஒத்திகை நன்றாகவே நடந்தது. ஆமைகள் நடுவில் உட்காரும். வெயிலில் அவற்றின் ஓடு இதமாகச் சூடாகியிருக்கும். ஒட்டி உட்கார்ந்தால்தான் அந்தச் சூடு தெரியும். சேவல்கள் சண்டையை மறந்து, ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடும். மரகதம் இதைக் கவனித்தாள். கவனித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குப் பேசவே கூச்சம்.

நாடகத்தன்று காலையில் தாண்டவன் முகத்தைச் சுளித்தான்.

"இந்த ரெண்டும் பாறை மாதிரி கிடக்குது. பார்க்கவே சகிக்கல. நியூட்ரானைத் தூக்கிடலாம்."

"தூக்கிட்டா, எங்களுக்கு மடுவில இடம்?" என்றாள் மரகதம்.

"நடிக்காதவங்களுக்கு ஏது இடம்?"

"பாடத்தில நியூட்ரான் எதுக்குன்னு சொன்னாங்களா?"

"மின்சுமையே இல்லாததுக்கு என்ன வேலை இருக்கப்போகுது? சும்மா இருக்கிறதுதான்."

அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆசிரியை நியூட்ரானுக்கு வந்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. தாண்டவன் சிந்திய சோற்றைப் பொறுக்கப் பறந்துவிட்டான்.

சேவல்கள் சிரித்தன. "பாறைக்கு வந்த ரோஷத்தைப் பாரு" என்றது செவலை. பவளம் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். மரகதம் இழுக்கவில்லை. அவளுக்குக் கோபம் பொங்கியது. தங்கையைக் கூட்டிக்கொண்டு தாழம்புதரின் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

மத்தியானம் நாடகம் தொடங்கியது. தட்டான்கள் கரையோரமாக வட்டமிட்டன. சேவல்கள் நடுவில் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"தள்ளி நில்லுடா."

"நீ தள்ளுடா!"

அவ்வளவுதான். இறகு பறந்தது. கொண்டையன் கிழக்கே பாய்ந்தது, செவலை மேற்கே பாய்ந்தது. எதைச் சுற்றுவது என்று தெரியாமல் தட்டான்கள் திகைத்துக் கலைந்தன.

முதலை ஒரு கண்ணைத் திறந்தது. "இதுதான் அணுவா? சேவல் சண்டை எனக்குத் தெரியாதா? அடுத்த கூட்டத்தை வரச் சொல்."

நரிகள் எழுந்து வாலை உதறின. தாண்டவன் தாழம்புதருக்குப் பறந்து வந்தான்.

"மரகதக்கா, கொஞ்சம் வாங்கக்கா. எல்லாருக்கும் இடம் போயிடும்."

"காலையில நான் பாறை. இப்ப அக்காவா?"

"தப்புதான்."

"என் காதுல சொல்லாதே. கேலி பண்ணினப்ப எல்லார் முன்னாடியும்தானே பண்ணினே? அங்கே போய்ச் சொல்லு. நாங்களும் இந்தக் கூட்டம்தான்னு சொல்லு. சத்தமாச் சொல்லு."

தாண்டவன் முதலையின் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னான். முதலில் முணுமுணுத்தான், இரண்டாவது தடவை சத்தமாகவே சொன்னான். முதலை நரிகளைப் பொறுக்கச் சொன்னது.

ஆமைகள் நடுவில் போய் உட்கார்ந்தன. திரும்பி வந்த சேவல்கள் கொஞ்ச நேரம் முறைத்தன. பிறகு கொண்டையன் இந்தப் பக்கம் ஒட்டியது. செவலை அந்தப் பக்கம் ஒட்டியது. தட்டான்கள் திரும்பி வந்து சுற்றத் தொடங்கின. அணு உடையாமல் நின்றது.

முதலை இரண்டு கண்களையும் திறந்தது. "நீ என்ன செய்தாய்?"

"இதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளும்" என்றாள் மரகதம். "நான் யாரையும் தள்ளுறதில்ல. ஒட்டி மட்டும் இருப்பேன். அதனாலதான் நடு நிக்குது. நடு நிக்கறதாலதான் மத்ததெல்லாம் சுத்துது."

"இது எனக்குத் தெரியாது" என்றது முதலை. "மடு உங்களுக்கு."

"யோசனை என்னோடதுங்க ஐயா" என்று தாண்டவன் முன்னால் வந்தான்.

மரகதம் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். தாண்டவன் பின்னால் நகர்ந்துகொண்டான். வெடித்த ஓட்டோடு நின்ற பவளத்தை அவள் முதலில் தண்ணீரில் இறக்கினாள். அவள் கோபம் மட்டும் அந்தத் தண்ணீரிலும் ஆறவில்லை.

சத்தம் போடாதவர்களை வேலையற்றவர்கள் என்று விரட்டும் கூட்டம், தான் எதனால் ஒட்டி நின்றது என்பதை உடைந்த பிறகே தெரிந்துகொள்ளும்.