ஆமை முதுகில் நடந்த ஆயுதச் சோதனை

"வெயில் எல்லார் முதுகுக்கும்..." காட்டுக் கூட்டத்தில் மூத்த யானை மாதங்கியம்மா இப்படித்தான் ஆரம்பித்தாள். அதை எப்படி முடித்தாள் என்பது யாருக்கும் சரியாக நினைவில்லை. ஏதோ உருக்கமாக முடித்தாள் என்று முயல் சொல்லும். அதற்குள் அம்மாவுக்குத் தும்மல் வந்துவிட்டது, முன்வரிசையில் இருந்த நான்தான் நனைந்தேன் என்று கரடி சொல்லும். ஆனால் தும்மலுக்குப் பிறகு போட்ட உத்தரவு எல்லாருக்கும் நன்றாக நினைவிருந்தது. இந்தக் காட்டிலிருந்து வெள்ளை ஏரிக்கு இனி ஆயுதம் எதுவும் போகக் கூடாது.

வெள்ளை ஏரியில் கொக்குகளின் ஆட்சி. முங்கி மீன் பிடிப்பது நீர்க்காகங்களின் வேலை. ஒற்றைக்காலில் நின்றபடி அதைத் தின்பது கொக்குகளின் வேலை. தலையும் வாலும் மட்டும் நீர்க்காகங்களுக்குக் கிடைக்கும்.

அதுகூடப் போகட்டும். ஏரியைச் சுற்றியிருந்த வெயில் பாறைகளில் வெள்ளை இறகு உள்ளவர்கள் மட்டுமே உட்காரலாம் என்று அங்கே ஒரு சட்டம். கறுப்பு இறகு ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும், அதற்கு வெயில் எதற்கு என்பது கொக்குகளின் வாதம். நீர்க்காகமோ முங்கி எழுந்ததும் இறகை விரித்து உலர்த்தியாக வேண்டும். ஈர இறகோடு அதனால் பறக்க முடியாது. பறக்க முடியாதவர்கள் ஏரியை விட்டு எங்கே போவார்கள்? கொக்குகளுக்கும் அதுதான் வேண்டும். சட்டத்தை மீறிப் பாறையில் ஏறுகிறவர்களை விரட்ட அவற்றுக்கு முள்ளும் கொம்பும் விஷமும் தேவைப்பட்டன. எல்லாம் இந்தக் காட்டில்தான் கிடைத்தன.

நரி மட்டும் தடையை எதிர்த்தது. வியாபாரத்தை விடாமல் நடத்திக்கொண்டே நல்ல புத்தியும் சொல்லிவந்தால் கொக்குகள் தானாகத் திருந்திவிடும் என்றது. அந்த நல்ல புத்தியை யார் போய்ச் சொல்வது என்று கேட்டதும், தனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனது.

ஏரிக்குப் போகும் பாதை இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும். அங்கே யாரைக் காவலுக்கு வைப்பது? குரங்கை வைத்தால் ஒரு வாழைப்பழத்தில் சட்டம் வழுக்கிவிடும். முயலை வைத்தால் சரக்கு வருவதற்கு முன்பே ஓடிவிடும். கடைசியில் ஆமை அம்பலவாணரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் யாரிடமும் எதையும் வாங்கியதில்லை. யாருக்கும் பயந்து ஓடியதில்லை. ஓட முடியாது என்பது வேறு விஷயம்.

பதவி வந்ததும் அம்பலவாணருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எது ஆயுதம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூர்மையானதெல்லாம் ஆயுதம் என்றால் அணிலின் பல்லைக்கூட நிறுத்த வேண்டும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டார். வலித்தால் ஆயுதம், வலிக்காவிட்டால் வீட்டுச் சாமான். பிறர் உடம்பில் குத்திப் பார்ப்பது பாவம் என்பதால் எந்தச் சரக்கையும் தன் முதுகிலேயே குத்திக் காட்டச் சொன்னார். இப்படியும் ஒரு தியாகியா என்று காடே நெகிழ்ந்துபோனது.

முதல் ஆளாக முள்ளம்பன்றி சடையாண்டி வந்தான். தன் முட்களைப் புல்லால் கட்டித் தலையில் சுமந்து வந்திருந்தான்.

"என்ன சரக்கு, தம்பி?"

"காது குடையும் குச்சி, ஐயா."

அம்பலவாணர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, குத்து என்றார். சடையாண்டி தயங்கித் தயங்கி ஒரு முள்ளால் குத்தினான். பிறகு கொஞ்சம் பலமாகக் குத்தினான். பிறகு அவர் முதுகின்மேல் ஏறி நின்றே குத்தினான். முள்தான் முறிந்தது.

"வலிக்கவில்லை. போகலாம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

செய்தி பரவாமல் இருக்குமா? மறுநாளே கருவேல முள் வந்தது. அதன் பெயர் கோடைக்கு ஏற்ற மெத்தை. கெளுத்தி மீனின் முள் வந்தது. அதன் பெயர் தலைவாரும் சீப்பு. ஒரு குளவிக் கூட்டம் பாட்டுக் கச்சேரிக்குப் போவதாகச் சொல்லி வந்து அவர் முதுகில் முழு மூச்சாகக் கொட்டித் தீர்த்தது. ராகம் என்ன என்று தலையை வெளியே நீட்டாமலே விசாரித்தார் அம்பலவாணர். காட்டுக்கிடா ஒன்று தன் கொம்போடு தானே சரக்காக வந்து, ஓடி வந்து ஒரு முட்டு முட்டியது. அவர் இரண்டு குட்டிக்கரணம் அடித்து மல்லாந்து கிடந்தார். நிமிர்த்திவிட்ட பிறகு, வலியில்லை, தலைதான் கொஞ்சம் சுற்றுகிறது, தலைசுற்றல் சட்டத்தில் இல்லை என்று கிடாவையும் அனுப்பிவைத்தார்.

அடுத்த கூட்டத்தில் மாதங்கியம்மா எத்தனை ஆயுதம் பிடிபட்டது என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றார் அம்பலவாணர். நம் காட்டில் ஆயுதம் இருந்தால்தானே பிடிபடுவதற்கு? எல்லாருக்கும் மெய்சிலிர்த்தது. அன்றே காட்டுக்கு 'ஆயுதமில்லாக் காடு' என்று பெயர் வைத்தார்கள். வரவேற்புப் பாட்டைச் சடையாண்டியே பாடினான். வெள்ளை ஏரியிலிருந்து கொக்குத் தலைவர் தவசிநாதர்கூடப் பறந்து வந்து, இத்தனை நேர்மையான அதிகாரியைத் தாம் கண்டதே இல்லை என்று பாராட்டினார். போகிற போக்கில், அந்தக் கறுப்புப் பறவைகள் தண்ணீருக்கு அடியில் போய் என்ன பேசிக்கொள்கின்றன என்று தங்களுக்கு எப்படித் தெரியும், எச்சரிக்கையாக இருப்பது தப்பா என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் பாதையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீர்க்காகம் நடந்து வந்தது. நீர்க்காகம் நடந்து யாரும் பார்த்ததில்லை. வாத்து சறுக்கி விழுந்து எழுந்ததுபோல் இருந்தது அந்த நடை. இறகெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். ஒரு கால் வீங்கியிருந்தது. தன் பெயர் பேச்சி என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டு அம்பலவாணர் திகைத்துப்போனார். ஏரிக்கரைப் பாறைகளிலெல்லாம் கொக்குகள் முள் நட்டுவிட்டன. நடக்கிற இடமெல்லாம் குளவி, திரும்பினால் கிடா. நடுப்பாறை ஒன்றுதான் பாக்கி. கொக்குகள் அசந்த நேரத்தில் எல்லா நீர்க்காகங்களும் அதில்தான் முறைவைத்து இறகு உலர்த்துகின்றன. அதிலும் நடுவதற்கு இன்றைக்குச் சரக்கு வருகிறதாம்.

"என் பிள்ளைங்க ரெண்டும் இப்பத்தான் முங்கக் கத்துக்கிட்டாங்க, ஐயா. நனைஞ்ச இறகோட தண்ணியிலயே கிடக்காங்க. இன்னும் ரெண்டு நாள் காயலேன்னா மூழ்கிப் போயிடுவாங்க."

அம்பலவாணருக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் வலிக்கிற சாமான் எதுவும் இந்த வழியாகப் போகவில்லையே, ஒவ்வொன்றையும் தன் உடம்பிலேயே சோதித்துத்தான் அனுப்பியதாகப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

அப்போதுதான் சடையாண்டி வந்து சேர்ந்தான். இதுவரை இல்லாத பெரிய கட்டு. காது குடையும் குச்சி என்றான்.

"கொக்குக்குக் காது எங்க இருக்கு?" என்று கேட்டாள் பேச்சி.

"அது அவங்க உள்வீட்டு விவகாரம். நாம தலையிடக் கூடாது" என்றான் சடையாண்டி.

அம்பலவாணர் வழக்கம்போலத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சடையாண்டி குத்தினான். வலிக்கவில்லை. போகலாம் என்று அவர் சொல்வதற்குள் பேச்சி ஓட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? வலிக்காத சாமானுக்கு எதுக்குத் தலையை உள்ளே இழுத்துக்கிறீங்க?"

"பழக்கம்" என்றது உள்ளேயிருந்து குரல்.

"எதுக்குப் பயந்த பழக்கம்?"

சடையாண்டி கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தான். "நில்" என்று தலை வெளியே வந்தது. கழுத்தும் வந்தது. அம்பலவாணருக்கு இத்தனை நீளக் கழுத்து உண்டென்று காட்டில் யாருக்கும் தெரியாது.

"இங்கே குத்து, தம்பி."

"சட்டம் முதுகுன்னுதானே சொல்லுது, ஐயா!"

"சட்டம் நான் சொன்னதுதான். குத்து."

சடையாண்டி குத்தக்கூட இல்லை. முள்ளின் நுனி சும்மா தொட்டது, அவ்வளவுதான். அம்பலவாணர் போட்ட கூச்சலில் மேலே மரத்திலிருந்த குரங்கு கிளையை விட்டுவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக ஓர் ஆமை துள்ளியதைப் பார்த்த பெருமை குரங்குக்கு. கண்ணில் தண்ணீரோடு அம்பலவாணர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மெத்தையும் சீப்பும் கச்சேரியும் கிடாவும் ஒவ்வொன்றாக அவர் கண்முன் ஏரியை நோக்கிப் போயின. எல்லாம் அவர் போகலாம் என்று சொல்லிப் போனவை.

சடையாண்டி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திப் பேசினான். தான் கொடுக்காவிட்டால் தெற்குக் காட்டு முள்ளம்பன்றி கொடுத்துவிட்டுப் போகிறான், முள்ளுக்கா பஞ்சம்? இன்றைக்கு இதை நிறுத்தினால் இதுவரை போனதும் ஆயுதம்தான் என்று ஆகிவிடும். காட்டுக்கு வைத்த பெயர் என்னாவது? மாதங்கியம்மா முகத்தில் எப்படி விழிப்பது? ஐயாவின் நல்ல பெயருக்காகத்தான் சொல்வதாகச் சொன்னான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அம்பலவாணருக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் பேச்சியின் வீங்கிய காலைப் பார்த்தார். கழுத்து இன்னும் எரிந்தது. அதை உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இழுத்துக்கொள்ளவில்லை.

குத்துப் படுகிறவரைக் கேட்காமல், படாதவன் தன் முதுகை வைத்து வலியை அளக்கக் கூடாது என்று முடிவு செய்து, அம்பலவாணர் சடையாண்டியின் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, நடந்ததையெல்லாம் சொல்லப் பேச்சியோடு மாதங்கியம்மாவிடம் போனார்.