கல்மேட்டூருக்கு வர வேண்டிய கடல்

கடகடவென்று ஒரு சத்தம். அரண்மனை வாசலில் காத்திருந்த வெள்ளியங்கிரி சட்டென்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். இடியா? மழை அதற்குள் வந்துவிட்டதா? எட்டிப் பார்த்தார். இடியில்லை, வண்டிகள். பன்னிரண்டு மாட்டுவண்டி நிறைய ஓலைக்கட்டுகள்.

எல்லாம் வருஷ முடிவுச் சரிபார்ப்புக்கு வந்த திட்டங்கள். அரசர் மாறவேளுக்குப் போன வருஷம் சீர்திருத்த ஆசை பிடித்துக்கொண்டது. நாட்டின் அறுபது ஊர்ச்சபைகளும் பத்தாண்டுத் திட்டம் எழுதித் தர வேண்டும், திட்டத்தில் இல்லாத வேலைக்கு ஒரு கூடை மண்கூட அள்ளக்கூடாது என்று உத்தரவு. மேற்பார்வைக்கு மந்திரி தாண்டவராயர்.

வெள்ளியங்கிரி மலையடிவாரத்துக் கல்மேட்டூரின் சபைத்தலைவர். ஏரி தெரியும், மதகு தெரியும். திட்டம் தெரியாது. கெடுவோ பத்தே நாள். கடற்கரைப் பட்டினமான முத்தலைத்துறையின் திட்டத்துக்கு அரசர் பொன்னாடை போர்த்தினார் என்று கேள்விப்பட்டு, அதையே வரி பிசகாமல் எழுதி, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். அதன் முதல் வரியே, ‘முதலாண்டில் கலங்கரை விளக்கம்.’

இப்போது மதகு இற்று ஒழுகுகிறது. வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் நாலு நாள்கூடத் தாங்குவதில்லை. திட்டத்தில் மதகு இல்லை, அதனால் அனுமதியும் இல்லை. மழைக்கு இருபது நாள். மதகு போனால் ஏரி உடையும், ஏரிக்குக் கீழேதான் ஊரே இருக்கிறது. ஓலை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்துக் கிடக்கும். தண்ணீர் கிடக்காது.

வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவைப்புலவர் அவிநாசியார் இத்தனையையும் கேட்டுக்கொண்டார். “உள்ளே வாரும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்” என்றார்.

அவைக்குள் நுழைந்ததுமே தாண்டவராயர் பாய்ந்தார். “வருஷம் முடிந்தது. கலங்கரை விளக்கம் எங்கேய்யா?”

“இன்னும் கட்டலீங்க சாமி. மதகு இத்துப்போச்சுங்க, அதுக்கு ஒரு உத்தரவு...”

“திட்டத்தில் இல்லாததைப் பேசாதே! அரசே, இந்த ஆளைச் சிறையில் போட்டால்தான் மற்ற ஐம்பத்தொன்பது ஊருக்கும் புத்தி வரும்.”

அவிநாசியார் மெல்லக் கனைத்தார். “மந்திரியாரே, கல்மேட்டூர்த் திட்டத்தின் கடைசி ஓலையில், ‘நேரில் சென்று கண்டேன், இடம் பொருத்தம்’ என்று ஒரு கையெழுத்து. தங்களுடையதா?”

“பின்னே யாருடையது? அறுபது ஊரும் என் கால் மிதித்த ஊர்!”

“அங்கே அலை எப்படி?”

“அதை ஏன் கேட்கிறீர், ஆளுயரம்! கரையில் நின்ற எனக்குத் தலைப்பாகை வரை நனைந்துவிட்டது.”

அரை உறக்கத்தில் இருந்த அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வருஷம் தவறாமல் அவர் வேட்டைக்குப் போவது கல்மேட்டூர்க் காட்டுக்குத்தான். அங்கிருந்து கடல் எட்டு நாள் நடை.

“வெள்ளியங்கிரி, நீர் கடல் பார்த்திருக்கிறீரா?”

“இல்லீங்க மகாராசா. உப்பா இருக்கும்னு சொல்லுவாங்க.”

அவை குலுங்கியது. தாண்டவராயர் வெளிறிப்போனார். “ஏமாற்றிவிட்டான் அரசே! வேறு ஊர்த் திட்டத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான்!”

“பாத்து எழுதுனதுதானுங்க” என்றார் வெள்ளியங்கிரி, தலையைத் தொங்கப்போட்டு. “தப்புத்தானுங்க.”

“இருந்தால் என்ன?” என்றார் அவிநாசியார். “ஒப்புக்கொண்ட திட்டத்தில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்பது மந்திரியார் போட்ட விதி. விளக்கு ஊரின் பொறுப்பு. கடலைப் பார்த்தவர் மந்திரியார், ஆகவே கடல் அவர் பொறுப்பு. கல்மேட்டூர் வரைக்கும் அதைக் கூட்டிவந்து விடட்டும், வந்த அன்றைக்கே விளக்கு எரியும். அதுவரை இந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானேன்? மதகைக் கட்டிக்கொண்டிருக்கட்டும்!”

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. பிடித்துக்கொண்டே சொன்னார்: “மதகுக்கு அரண்மனைத் தேக்கு போகட்டும். புலவருக்குப் பட்டுச் சால்வை. தாண்டவராயரே, அறுபது ஊருக்கும் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வாரும். முதலில் கல்மேட்டூர். அங்கே மண் சுமக்க ஆள் குறைவாம்.”

வெள்ளியங்கிரி ஊர் திரும்பினார். தச்சர்கள் பலகையோடு வந்துசேர இன்னும் மூன்று நாள் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கி, மதகின் ஓட்டையில் வைக்கோலையும் களிமண்ணையும் வைத்து மறுபடி அடைக்கத் தொடங்கினார்.