கம்பவுண்டரின் பிரேக் பெடல்

இந்தக் கதையில் சீடருக்கு ஐம்பத்து நாலு வயது. குருவுக்கு முப்பத்தொன்று. வயதைக் கேட்டுக்கொண்டா வித்தை வருகிறது?

சீடர் பெயர் கனகசபை. திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறவர். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன் தப்பு எங்கே என்று பார்ப்பார். தப்பைக் கண்டுவிட்டால் அவர் கை சும்மா இருக்காது.

குரு ரெஜினா. பேகம்பூர் பக்கம் மெக்கானிக் கடை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கனகசபை வீட்டுக்கு வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் வேலை செய்வதைப் பார்ப்பாள். தானாக ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட மாட்டாள்.

வண்டி எழுபத்திரண்டாம் வருஷத்து மோட்டார் சைக்கிள். சிறுமலை அடிவாரத்தில் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைச்சாமியுடையது. பதினாறு வருஷம் மாட்டுக் கொட்டகையில் நின்றதில் அதன் சீட்டில் கோழிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. யார் யாரோ கேட்டும் கொடுக்காத மனிதர், கட்டிலில் உட்கார்ந்தபடியே கனகசபையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு நிபந்தனையோடு அவருக்கே கொடுத்துவிட்டார். வண்டி ஓடத் தொடங்கியதும் அங்கே கொண்டு வர வேண்டும். அவர் கையால் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கனகசபை வாக்குக் கொடுத்தார். வெள்ளைச்சாமிக்கு எழுபத்தாறு முடிந்திருந்தது. ஆற அமரச் செய்து கொள்ளலாம் என்று விடக்கூடிய வாக்கு இல்லை அது.

முதல் இரண்டு மாதம் கழற்றினார். போல்ட்டுகளை இட்லித் தட்டின் குழிகளில் வகை பிரித்து வைத்தார். வீட்டில் இரண்டு வாரம் உப்புமாதான். பிறகு துருவைத் தேய்த்தார். கறுப்பாக இருந்த டாங்குக்குப் பாட்டில் பச்சை அடித்தார், சின்ன வயதிலிருந்தே அந்தப் பச்சை மேல் அவருக்கு ஓர் ஆசை. அகலமான ஹாண்டில்பாரை எடுத்துவிட்டுக் குட்டையாக ஒன்றைப் போட்டார். போட்ட பிறகு மனசு உறுத்தியது.

ரெஜினாவிடம் கேட்டார். “அம்மா, சிலத மாத்துறேன், சிலத விடுறேன். எத மாத்தலாம், எத மாத்தக் கூடாது? அதுக்கு ஒரு கணக்கு இருக்கணுமில்ல?”

“இருக்கு சார்.”

“என்னம்மா அது?”

“வண்டி ஓடட்டும். சொல்றேன்.”

கனகசபைக்கு இது பிடிக்கவில்லை. முப்பது வருஷம் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தவர். யார் யாரையோ பிடித்து, அந்த வண்டியின் பழைய கையேட்டுக்கு ஒரு நகல் வாங்கிவிட்டார். படத்தையும் வண்டியையும் வரி வரியாக ஒப்பிட்டார். பழைய வண்டி, பிரேக் இடது காலுக்கு. அந்தப் பெடலில் வந்து நின்றார். படத்தில் அது நேராக இருந்தது. வண்டியில் நாலு விரல் உயரத்துக்கு மேல்நோக்கி வளைந்திருந்தது.

எங்கேயோ விழுந்து வாங்கிய அடி என்று முடிவு கட்டினார். பட்டறையில் கொடுத்துக் காய்ச்சி, நிமிர்த்தி, பளபளவென்று குரோம் பூசி வாங்கி வந்து மாட்டினார்.

அடுத்த ஞாயிறு ரெஜினா பார்த்தாள்.

“இது வளைஞ்சு இருந்துச்சே சார்.”

“நிமித்திட்டேன்மா.”

“எத வச்சு?”

கையேட்டை விரித்துக் காட்டினார். அவள் படத்தைப் பார்த்தாள், பெடலைப் பார்த்தாள்.

“படத்துல இருக்க மாதிரியே இருக்கு” என்றாள்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கு மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஒன்பதாம் மாதம் வண்டி உயிர் பெற்றது. கனகசபை தெருவில் நின்று அழுதார், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் ஓட்டவில்லை. புதுப் பெயின்ட்டில் கீறல் விழுந்துவிடும் என்று பயம். ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. வெள்ளைச்சாமியின் ஊருக்குப் போன அன்றும் ரெஜினாதான் ஓட்டினாள். கையேட்டு நகலைப் பைக்குள் வைத்துக்கொண்டு இவர் பின்னால் உட்கார்ந்து போனார்.

சத்தம் கேட்டதும் வெள்ளைச்சாமி கட்டிலை விட்டு எழுந்தார். அவர் நடந்து வருவதைக் கனகசபை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். இடது முழங்காலில் கையை ஊன்றி, ஒவ்வோர் அடிக்கும் சாய்ந்து சாய்ந்து வந்தார். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்த கால். மற்றதைவிட நாலு விரல் குட்டை.

வெள்ளைச்சாமி பெடலைக் கவனிக்கவில்லை. டாங்கைத் தடவினார், பச்சை எடுப்பாக இருக்கிறது என்றார். ஏறி உட்கார்ந்து வலது காலால் ஒரே உதையில் கிளப்பினார். முகம் பூரித்துப் போயிற்று. இடது கால் பிரேக்கைத் தேடியது. முன்னால் தேடியது, கீழே தேடியது. எட்டவில்லை. குனிந்து பார்த்தார். எஞ்சினை அணைத்தார்.

கனகசபை பெடலைப் பார்த்தார், அந்தக் காலைப் பார்த்தார். திருத்தாமல் விட்ட பிழைகளுக்காக எத்தனையோ நாள் வெட்கப்பட்டிருக்கிறார். திருத்தியதற்காக வெட்கப்படுவது இதுதான் முதல் தடவை.

“பரவால்ல சார்” என்றார் வெள்ளைச்சாமி. “சத்தத்தக் கேட்டுட்டேன்ல, போதும்.”

அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கனகசபை ரெஜினாவைப் பார்த்தார். அவள் வேலியோரம் மேய்ந்த கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா செய்றது?”

“கழட்டத் தெரியும்ல சார் உங்களுக்கு?”

கழற்றினார். ரோட்டுக்கு எதிரில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. போகும்போது ஞாபகம் வந்து திரும்பினார். எவ்வளவு வளைப்பது? நாலு விரல் என்றது வெறும் கண்ணளவு. பையில் இருந்த கையேட்டில் அதற்குப் படம் இல்லை. ரெஜினாவிடம் கேட்டார். என் காலா சார் அது என்று கேட்டுவிட்டு அவள் மறுபடியும் கோழிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கனகசபை வெள்ளைச்சாமியை மறுபடி வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார். மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவருடைய காலைக் கையில் பிடித்து, செருப்போடு அது எந்த இடத்தில் நிற்கிறது என்று விரலால் அளந்தார். வெள்ளைச்சாமிக்குக் கூச்சமாகப் போயிற்று, வேண்டாம் சார், எந்திரிங்க என்றார். கனகசபை எழுந்திருக்கவில்லை.

தீயில் காட்டியதும் குரோம் முதலில் நீலம் பாய்ந்தது, பிறகு கறுத்து உரிந்தது. வளைத்துக் கொண்டு வந்து மாட்டினார். கால் எட்டவில்லை. திரும்பவும் கழற்றிப் போனார், திரும்பவும் காய்ச்சினார். இந்த முறை வெள்ளைச்சாமியின் பாதம் தேடாமலே போய் அதன்மேல் உட்கார்ந்தது.

ஒரு சுற்று என்று போனவர் அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தார். நேரே வந்து, கனகசபைக்கு ஒரு சாண் முன்னால் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டுச் சிரித்தார். மலை ரோட்டில் மூணாவது வளைவு வரைக்கும் போனாராம். இறங்கிச் சாவியைக் கொடுத்தார்.

கனகசபை சாவியை வாங்கிக்கொண்டு சொன்னார்.

“இனிமே இந்தப் பெடல்ல நான் கை வைக்க மாட்டேன். சாகுற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்.”

வெள்ளைச்சாமி விழித்தார்.

“எதுக்கு சார்? நான் வாங்குனப்ப அது நேராத்தான் இருந்துச்சு. மொதல்ல வச்சிருந்தவரு ஆறடி ஆளு. நான்தான் ஆசாரிகிட்டக் குடுத்து வளச்சேன்.”

கனகசபை கையேட்டை எடுத்தார். பிறகு அதைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். வளைந்திருந்ததை நிமிர்த்தியது தப்பு என்று இப்போதுதான் மனசாரப் படித்திருந்தார். அந்தப் பாடமும் கையில் நிற்க மாட்டேன் என்கிறது.

ரெஜினா பக்கம் திரும்பினார்.

“வண்டி ஓடுது. இப்பவாவது சொல்லுங்கம்மா. எத மாத்தலாம், எத மாத்தக் கூடாது?”

அவள் அவர் கையிலிருந்த சாவியை எடுத்து வண்டியில் மாட்டினாள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஹாண்டில்பாரை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

“ஏறி உக்காருங்க சார். உங்க கால் எங்க வருதுன்னு பாப்போம்.”